சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்



இதயச் செயலிழப்பு என்று ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். மகன் பில் கட்டும் வரிசையில் நிற்கிறான். மருமகள் பையைக் கட்டுகிறாள். வாசலில் ஆட்டோ காத்திருக்கிறது. அந்த அவசரத்தில்தான் மருத்துவப் பணியில் இருக்கும் நாம், "உப்பைக் குறைங்க, தண்ணியை அளந்து குடிங்க, மாத்திரையை நிறுத்தாதீங்க, தினமும் எடை பாருங்க" என்று மூச்சு விடாமல் சொல்லி முடிக்கிறோம். கையில் கொடுக்கும் தாளோ ஆங்கிலத்தில் இருக்கிறது. அவர் தலையாட்டுகிறார். கால் வீங்கி, மூச்சு வாங்கித் திரும்பி வந்தால், "அப்பவே சொன்னோமே" என்று அவரையே கடிந்துகொள்கிறோம்.

இது அவர் குற்றமல்ல, நாம் சொன்ன விதத்தின் குற்றம் என்பதே என் கட்சி.

இந்த நோயில் இதயம் நின்றுவிடுவதில்லை; தேய்ந்த மோட்டார் போல வலு குறைந்து ஓடுகிறது. ரத்த ஓட்டம் குறைந்ததும் சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த நீர் காலில் இறங்குகிறது, நுரையீரலில் தேங்குகிறது. ஒரு தலையணையில் தூங்கியவருக்கு இப்போது மூன்று வேண்டியிருக்கிறது. இப்படிக் காரணத்தோடு சொன்னால் மனதில் நிற்கும். வெறும் கட்டளை நிற்காது.

அடுப்படியில் நிற்பவரிடம் சொல்லாமல் நோயாளியிடம் மட்டும் உப்பைப் பற்றிச் சொல்லி என்ன பயன்? பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு என்று தட்டில் வைத்தால் கணக்குத் தப்பிவிடும். இந்துப்பு போட்டால் பரவாயில்லை என்று பலர் நம்புகிறார்கள். அதிலும் இருப்பது சோடியம்தான். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் மாத்திரையும் உடம்பில் நீரைத் தேக்கும். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித்தான் எச்சரிக்க வேண்டும்.

பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் நம் வீடுகளில் தொங்குகிறது. காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், எடை பார்த்து அந்தக் கட்டத்திலேயே எழுதுங்கள். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அது பெரும்பாலும் தேங்கிய நீர். வீக்கம் கண்ணுக்குத் தெரியும்வரை பொறுக்காமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளர்கள் அந்தக் காலண்டரையும் பார்த்துச் செல்ல அரசு வழிசெய்தால், எத்தனையோ பேர் மறுபடி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிராது.

மருத்துவர்களே, செவிலியர்களே, "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்ல யாருக்கும் நா எழாது. "வீட்டுல போய் என்ன சொல்வீங்க, எங்கிட்ட ஒருதடவை சொல்லுங்க ஐயா" என்று கேளுங்கள். விட்டுப்போனதை மறுபடி சொல்லிக்கொடுங்கள். தமிழில் எழுதிக் கொடுங்கள். சமைப்பவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள் என்று உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.