வெள்ளாற்றின் மிதவையுயிர்கள்

வெள்ளாறு வங்கக் கடலில் சங்கமிக்கும் பரங்கிப்பேட்டையில், ஐப்பசி, கார்த்திகை மழைவெள்ளம் கழிமுகத்து நீரின் உவர்ப்பைப் பெரிதும் குறைத்துவிடுவதால், மீன்குஞ்சுகளுக்கு ஆகாரமாகிய விலங்கு மிதவையுயிர்கள் அருகிப்போய், கோடையில் உவர்ப்பு ஏறியபின் மறுபடியும் பல்கிப் பெருகுகின்றன. அவற்றுள் பெரும்பான்மையானவை துடுப்புக்காலிகளே. அரிசிமணியினும் சிறிய அந்தத் தேகத்தையும் நீண்ட உணர்கொம்புகளையும் உருப்பெருக்கியில் காண்பது பாக்கியம் என்றே சொல்வேன். அவ்வூரிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடலியல் ஆய்வாளர்கள் நெடுங்காலமாக இவற்றைக் கவனித்து வருகிறார்கள். மில்லிமீட்டரில் 5-இல் ஒரு பங்கே கண்ணளவுள்ள கூம்பு வலையைப் படகின் பின்னே மெல்ல இழுத்து, அதன் வாயிற் பொருத்திய ஓட்டமானியின் சுழற்சியைக் கொண்டு உட்புகுந்த நீரின் அளவைக் கணித்து, அடிக்குப்பியில் சேர்ந்ததைப் பார்மலினில் பாதுகாப்பது வழக்கமான முறை. இவற்றில் பல இரவிலேயே மேல்மட்டத்துக்கு எழும் சுபாவமுடையவை. ஆதலால் பகல்வலையை மட்டும் நம்பிக் கணக்கெடுப்பது பூரணமாகாது.