கடல்மேல் வரும் குரல்

செட்டிபாளையத்துக்குக் கிழக்கே வங்கக் கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. மத்திய அலை வானொலி கேட்பவர்களுக்கு இந்த அமைப்பு ஒரு கொடை. பகலில் அந்த அலை நிலத்தையும் நீரையும் தழுவியே நம்மிடம் வருகிறது. மின்சாரத்தைக் கடத்துவதில் கடல்நீர் வறண்ட மண்ணைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். அதனால் கடல்மேல் வரும் அலை மெதுவாகத்தான் தேயும்.

தூத்துக்குடி இங்கிருந்து 400 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். ஆனால் வழியில் ஏறத்தாழ பாதி இலங்கை மண். சென்னை 600 கிலோமீற்றருக்கும் மேல்; வழியோ பெரும்பாலும் கடல். இரண்டு நிலையங்களும் ஒரே வலுவில் ஒலிபரப்பினால், கணக்குப்படி தொலைவிலுள்ள சென்னையே தெளிவாகக் கேட்க வேண்டும்!

மண்ணும் நீரும் கலந்த பாதையில் அலையின் வலுவைக் கணக்கிட 1949இல் பொறியாளர் ஜோர்ஜ் மில்லிங்டன் ஒரு வழி சொன்னார். நிலையத்திலிருந்து நம் வானொலிப் பெட்டிவரை ஒருமுறை, மறுதிசையில் ஒருமுறை கணக்கிட்டு, டெசிபெல் அளவில் சராசரி எடுக்க வேண்டும். அதில் ஓர் அதிசயம் தெரிந்தது: நிலத்தில் இளைத்த அலை, கடலில் இறங்கியதும் சிறிது தூரம் மீண்டும் வலுப்பெறுகிறது. பின்னர் அளந்து பார்த்தபோதும் அது உண்மையென்றே தெரிந்தது.

இதற்கெல்லாம் அடித்தளம், 1909இல் இயற்பியலாளர் சொமர்ஃபெல்ட் எழுதிய கடினமான கணிதம். இன்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ‘ஜிஆர்வேவ்’ நிரல், வீட்டுக் கணினியிலேயே அதை நொடிகளில் முடிக்கிறது. மண்ணின் கடத்துதிறனை நாம்தான் சரியாகக் கொடுக்க வேண்டும். மாரிமழையில் நம் வாவியின் உப்பு குறைந்தால், வாவிக்குரிய அந்த எண்ணையும் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும்.