கணக்கை மக்கள் முன்னால் வைத்த நிதியமைச்சர்

மதுரை வில்லாபுரம் தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து:



டீக்கடையில எதிர்க்கட்சி நண்பர் ஒருத்தர் கேட்டார்: "வெளிநாட்டு பேங்க்ல கோட்டு போட்டு உக்காந்தவருக்கு, வில்லாபுரத்து அன்றாடங்காய்ச்சி கஷ்டம் என்னங்க தெரியும்?" நியாயமான கேள்விதான். பதில் சொல்லியாகணும்.

நம்ம அண்ணன் பழனிவேல் தியாகராஜன் திருச்சியில பொறியியல் படிச்சவர். அமெரிக்காவுல முனைவர் பட்டம், எம்.ஐ.டி.யில மேலாண்மைப் படிப்பு. அப்புறம் லேமன் பிரதர்ஸ், ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கின்னு பெரிய பொறுப்புகள். அந்த லேமன் பிரதர்ஸ் 2008-ல திவாலாச்சு. உலகமே ஆடிப்போச்சு. கடன் எல்லை மீறினா எவ்வளவு பெரிய நிறுவனமும் சாயும்னு அந்தத் துறைக்குள்ள இருந்து பார்த்தவர் அவர்.

ஆனா தொழில் அனுபவம் மட்டும் போதுமா? போதாது. டி.டி.கே. நிறுவனத்தைத் தொடங்கிய டி.டி.கிருஷ்ணமாச்சாரி ஒன்றிய நிதியமைச்சர் ஆனார். முந்த்ரா விவகாரத்துல 1958-ல பதவி விலக வேண்டி வந்தது. கம்பெனி பங்குதாரருக்குப் பதில் சொன்னா போதும். அரசு, ரேஷன் கடை வரிசையில நிக்கிற அம்மாவுக்குப் பதில் சொல்லணும். அந்த வித்தியாசம் புரியணும்னா அரசியல் வேணும், கொள்கை வேணும்.

அந்தக் கொள்கை அவருக்கு வீட்டிலேயே இருந்தது. தாத்தா பி.டி.ராஜன் நீதிக்கட்சித் தலைவர், 1936-ல சென்னை மாகாண அரசுக்குத் தலைமை ஏற்றவர். அப்பா பழனிவேல்ராஜன் 1996 முதல் 2001 வரை சட்டப்பேரவைத் தலைவர். ஆனாலும் இவரை யாரும் நியமனம் செஞ்சு உக்கார வைக்கல. 2016-லயும் 2021-லயும் மதுரை மத்தியில மக்கள்கிட்ட ஓட்டுக் கேட்டு ஜெயிச்சு வந்தார்.

2021 மே மாதம் தளபதி அவர்கள் நிதித்துறையை அவர்கிட்ட ஒப்படைச்சாங்க. ஆகஸ்ட் 9-ம் தேதி வெள்ளை அறிக்கை வந்தது. ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன்! மறைக்கல, பூசி மெழுகல. நம்ம வீட்டுல பெரியவர் காலமானா, மூத்த பிள்ளை முதல்ல என்ன செய்வான்? யார் யாருக்கு எவ்வளவு பாக்கின்னு நோட்டை எடுத்துப் பார்ப்பான். அதைத்தான் செஞ்சார்.

நாலே நாள்ல, காகிதமில்லா பட்ஜெட். பெட்ரோல் வரியில 3 ரூபாய் குறைப்பு. பைக்ல வேலைக்குப் போற தம்பிக்குத் தெரியும் அந்த 3 ரூபாயோட மதிப்பு. 2020-21-ல ஏறத்தாழ 62 ஆயிரம் கோடியா இருந்த வருவாய்ப் பற்றாக்குறை, அடுத்த ஆண்டே 46 ஆயிரம் கோடியா இறங்குச்சு. பெண்களுக்குக் கட்டணமில்லா பஸ்ஸும் ஓடிச்சு, பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் வந்துச்சு.

2023 மார்ச் 20 பட்ஜெட்ல மகளிர் உரிமைத் தொகையை அறிவிச்சவரும் அவர்தான். ஒதுக்கீடு 7 ஆயிரம் கோடி. 2023 செப்டம்பர் 15-ல அப்போதைய முதலமைச்சர் தொடங்கி வைத்தப்ப, 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாசம் 1000 ரூபாய் கிடைச்சுது. இங்க உக்காந்திருக்கிற அக்கா தங்கச்சிகளே, உங்க போன்ல மெசேஜ் வந்துச்சா இல்லையா?

"இப்ப நிதித்துறை அவர்கிட்ட இல்லையே"ன்னு கேக்கறாங்க. 2023 மே மாசத்துல நிதித்துறை அண்ணன் தங்கம் தென்னரசுகிட்ட போச்சு. இவர் தகவல் தொழில்நுட்பத்துறைக்கு மாறினார். நாற்காலி மாறும் உடன்பிறப்பே, கொள்கை மாறாது. இது ஒரு ஆளோட கடை இல்ல, இயக்கம்!

டீக்கடை நண்பருக்கு என் பதில் இதுதான்: அவர் எங்க வேலை பார்த்தார்னு மட்டும் பாக்காதீங்க. கத்துக்கிட்ட கணக்கை யாருக்காகப் போட்டார்னு பாருங்க. நாளைக்கு எங்க ஆட்சியையும் அதே மாதிரி கணக்குக் கேளுங்க. சொல்லக் கடமைப்பட்டவங்க நாங்க.