வீடு வாங்குமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி

(கெப்பாலா பத்தாஸில் தொழிலாளர் கூட்டமொன்றில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

சம்பளம், போனஸ், சுகாதாரம் பற்றியெல்லாம் இம்மேடையில் பல முறை பேசியிருக்கிறோம். இன்று வீட்டைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

நாம் குடியிருக்கும் தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். 1950-களில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது நம் பெரியவர்கள் இந்த உண்மையைக் கண்ணீரோடு கற்றுக்கொண்டார்கள். தொழிலாளரின் சிறு பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவதற்காக 1960-ல் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அந்தத் துன்பத்தினால்தான். ஆகவே நமக்குச் சொந்த வீடு ஆடம்பரமல்ல. வயதான காலத்தில் தலைசாய்க்கும் இடம். அதனாலேயே அதை வாங்கும்போது ஒரு காசும் வீணாகக் கூடாது.

தாமான் வீட்டைப் பார்க்கப் போகும் நம்மவர்கள் முதலில் எதைப் பார்க்கிறார்கள்? தரையில் பளபளக்கும் ஓடு, சிலிங்கில் பூ வேலை, வாசலில் பெரிய கேட். “சமையற்கட்டை நீட்டினால் நன்றாயிருக்கும், விற்கும்போது போட்ட பணம் திரும்பிவிடும்” என்கிறார்கள். தோழர்களே, இதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. இந்த வீட்டில் நாம் எத்தனை ஆண்டு இருக்கப் போகிறோம்?

ஏன் என்று கணக்கோடு காட்டுகிறேன். வீட்டின் விலை 200,000 வெள்ளி, வங்கிக் கடன் 180,000 என்று வைத்துக்கொள்வோம். பெயர் மாற்ற முத்திரை வரி முதல் லட்சத்துக்கு நூற்றுக்கு 1, அடுத்த லட்சத்துக்கு நூற்றுக்கு 2, ஆக 3,000. வழக்கறிஞர் கட்டணம் நூற்றுக்கு 1.25, ஆக 2,500. கடன் பத்திரத்துக்கு முத்திரை வரி 900, வழக்கறிஞருக்கு 2,250. பிறகு விற்கும்போது தரகருக்கு நூற்றுக்கு 3 வரை; அது 6,000. மொத்தம் 14,650 வெள்ளி. முதல் வீடு வாங்குவோருக்கு அரசாங்கம் முத்திரை வரியில் சலுகை தருவதுண்டு. கிடைத்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். மூன்றே ஆண்டில் விற்பவருக்கு இச்செலவு ஆண்டுக்கு 4,880 வெள்ளிக்கு மேல் விழும். பதினைந்து ஆண்டு இருப்பவருக்கு ஆயிரத்துக்கும் குறைவு.

கடனையும் பாருங்கள். 180,000 வெள்ளியை நூற்றுக்கு 4 வட்டியில் முப்பது ஆண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 859 வெள்ளி. 2025-ல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியில் அது பாதி. முதல் மாதத் தவணையில் 600 வெள்ளி வட்டிக்கே போகிறது. மூன்று ஆண்டில் சுமார் 31,000 வெள்ளி கட்டியும் அசல் 10,000 கூடக் குறைவதில்லை. இதோடு லாப வரியும் உண்டு. குடிமகன் ஒருவர் வாங்கிய மூன்று ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் நூற்றுக்கு 30, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டிலிருந்து இல்லை. குடியிருந்த வீட்டுக்கு ஆயுளில் ஒரு முறை இவ்வரியிலிருந்து விலக்குக் கேட்கலாம். அந்த ஒரு வாய்ப்பை அவசரத்தில் செலவழித்துவிடலாமா?

ரப்பர் மரத்தை அறிந்த நமக்கு இது புதிதல்ல. நட்ட கன்று ஆறு ஏழு ஆண்டு கழித்துத்தான் பால் தரும். அதற்குமுன் கத்தி வைப்பவன் மரத்தையும் கெடுப்பான், பாலையும் காணான்.

இனி, வீட்டுக்குச் செய்யும் செலவை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, வீட்டைக் காக்கும் செலவு. கூரை ஒழுகல், பழைய மின்கம்பி, துருப்பிடித்த குழாய், கரையான். எத்தனை ஆண்டு இருந்தாலும் இதைச் செய்தே ஆக வேண்டும். வாங்குமுன் இவற்றைச் சோதித்து, ஆகும் செலவை விலையிலே குறைத்துப் பேசுங்கள்.

இரண்டாவது, குடும்பம் பயன்படுத்தும் செலவு. சமையற்கட்டு, கூடுதல் அறை, வயதான தாயாருக்குக் கீழ்த்தளத்தில் ஒரு குளியலறை. இதை ஆண்டுகளால் வகுக்க வேண்டும். 15,000 வெள்ளிச் சமையற்கட்டைப் பதினைந்து ஆண்டு பயன்படுத்தினால் மாதம் 83 வெள்ளி. மூன்று ஆண்டில் போவதானால் மாதம் 417 வெள்ளி. ஒரே சமையற்கட்டு, ஒரே குழம்பு; ஆனால் விலை ஐந்து மடங்கு! நீட்டிக் கட்டுமுன் உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியும் வேண்டும். அனுமதியில்லாத கட்டடம் விற்கும் நாளில் தொல்லையாக வந்து நிற்கும்.

மூன்றாவது, பார்வைக்குச் செய்யும் செலவு. செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உழைத்த பணம், ஆசைக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் அது திரும்பி வரும் என்று மட்டும் எண்ணாதீர்கள். வரிசையில் உள்ள வீடுகளெல்லாம் 200,000-க்குப் போகும்போது, நீங்கள் 60,000 போட்டதற்காக உங்கள் வீடு 260,000 ஆகிவிடாது. வங்கியின் மதிப்பீட்டாளர் பக்கத்து வீடுகள் விற்ற விலையைப் பார்த்தே மதிப்பிடுவார். அந்த மதிப்பை வைத்துத்தான் வங்கி கடன் தரும். மிஞ்சிய தொகையை வாங்குபவர் கைப்பணமாகத் தர வேண்டும். அவரும் நம்மைப் போன்ற தொழிலாளியே, எங்கே போவார்?

இதிலே நமக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. முன்பிருந்தவர் செலவழித்துக் கட்டிய சமையற்கட்டு உள்ள வீடு, சற்றே கூடுதலான விலைக்குக் கிடைக்கலாம். அந்த விலை மதிப்பீட்டுக்குள் அடங்கினால் வீட்டுக் கடனிலேயே சேரும். நாமே பிறகு கட்டினால் கைப்பணம் வேண்டும். இல்லையேல் வட்டி கூடிய தனிக்கடன் வாங்க நேரும்.

அப்படியானால் வீட்டின் விலையை உயர்த்துவது எது? இதே கெப்பாலா பத்தாஸைப் பாருங்கள். பெர்த்தாம் ஒரு காலத்தில் ரப்பர்க் கம்பெனியின் தோட்டம். இன்று அங்கே தாமான்கள், கடைவீடுகள், நெடுஞ்சாலைக்குப் போகும் வழி, சயின்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நிலையம். மண்ணின் மதிப்பைக் கூட்டியவை சாலையும் மருத்துவமனையும் பள்ளியும். தரை ஓடல்ல. ஓட்டைப் பிறகு மாற்றலாம். இடத்தை மாற்ற முடியாது. ஆகவே விலையில் ஆயிரம் கூடினாலும் நல்ல இடத்தில் எளிய வீடு வாங்குங்கள்.

கிராண்டு எனும் நிலப்பத்திரத்தையும் படித்துப் பாருங்கள். நிரந்தர உரிமையா, 99 ஆண்டுக் குத்தகையா? குத்தகையானால் எத்தனை ஆண்டு மிச்சம்? மிச்சம் குறையக் குறைய வங்கிகள் கடன் தரத் தயங்கும். மலிவு விலை வீடானால் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விற்கத் தடை இருக்கலாம். சில ஆண்டில் போய்விடுவோம் என்பவருக்கு அத்தகைய வீடு பொருந்தாது. காலமெல்லாம் இருப்பவருக்கு அதுவே நல்ல வீடு. வீட்டின் மதிப்பைக் கூட்டிய வேலைகளுக்கான ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். லாப வரி கணக்கிடும்போது அச்செலவைக் கழிக்கலாம்.

தோழர்களே, வீடு வாங்கச் சேமநிதியிலிருந்து நாம் எடுக்கும் பணம் முதுமைக்கென்று மாதாமாதம் பிடித்த பணம். அதைத் தொடுமுன் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் ஒன்றாய் உட்காருங்கள். பிள்ளைகள் எங்கே படிப்பார்கள்? வேலை எத்தனை ஆண்டு இவ்வட்டாரத்தில் நிலைக்கும்? ஓய்வு பெற்றபின் எங்கே இருப்போம்? ஐந்தாறு ஆண்டுகூட இருப்போம் என்ற உறுதி இல்லையானால் வாடகைக்கு இருங்கள், அது அவமானமல்ல. இருப்போம் என்ற உறுதி இருந்தால் துணிந்து வாங்குங்கள். ஒழுகலை முதலில் அடையுங்கள், சமையற்கட்டைப் பிறகு கட்டுங்கள், கேட்டைக் கடைசியில் மாட்டுங்கள்.

ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடுமுன் சங்கக் கிளைக்குக் கொண்டுவந்து காட்டுங்கள். படித்துச் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.