பனிக்குடம் உடைந்த நேரத்தைக் குறித்து வையுங்கள்

(வல்லத்தில் நடைபெற்ற தாய்சேய் நலக் கூட்டத்தில் அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரை)



குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்கு வரும் கிருமித்தொற்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் அது குறைப்பிரசவம். தாயிடமிருந்து பிள்ளைக்குச் சேரும் நோய் எதிர்ப்புச் சக்தியில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில்தான் சேர்கிறது. முன்கூட்டியே பிறக்கும் பிள்ளைக்கு அது முழுதாகக் கிடைப்பதில்லை. அதனால் தொற்று இரத்தத்தில் வேகமாகப் பரவிவிடுகிறது.

தில்லியில் மூன்று மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 13,530 பச்சிளங் குழந்தைகளைக் கவனித்தார்கள். நூற்றுக்கு 14 பிள்ளைகளுக்கு இந்தத் தொற்று இருந்தது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, பிறந்து 72 மணி நேரத்துக்குள் வந்தது.

இதை முன்கூட்டியே அறிய முடியுமா? ஓரளவு முடியும். இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு ஓரிரு நாளாகும். அதுவரை டாக்டர்கள் காத்திருக்க முடியாது. எத்தனை வாரம், பனிக்குடம் எப்போது உடைந்தது, தாய்க்குக் காய்ச்சல் உண்டா, பனிக்குட நீரில் துர்நாற்றம் உண்டா என்று கேட்டுத்தான் மருந்து தொடங்குவதை முடிவு செய்கிறார்கள். பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் கடந்தால் ஆபத்து கூடும். நீர் வடியத் தொடங்கிய நேரம் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அதைக் குறித்து வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

வலி இல்லையே என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம். சீக்கிரம் போனால் பிள்ளையின் நுரையீரலுக்குப் பலம் தரும் ஊசியைத் தாய்க்குப் போட அவகாசம் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகும் கவனம் தேவை. மகாராஷ்டிராவின் கட்சிரோலி கிராமங்களில் டாக்டர் அபய் பங்கும் டாக்டர் ராணி பங்கும் நடத்திய பணியில், ஏழு அறிகுறிகளைப் பார்க்கக் கிராமத்துப் பெண்களுக்கே கற்றுக்கொடுத்தார்கள். பால் குடிப்பது குறைதல், அழுகை மெலிதல், கைகால் துவளுதல், வாந்தி அல்லது வயிறு உப்புதல், உடம்பு சில்லிடுதல், மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்குதல், தொப்புளில் சீழ் ஆகியவையே அவை. அங்கே இரண்டு அறிகுறி சேர்ந்தால் தொற்று என்று கொண்டார்கள். நாம் இரண்டாவது வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒன்றைக் கண்டாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "நாற்பது முடியவில்லை, எப்படி வெளியே போவது?" என்று தயங்கி இரவைக் கடத்தும் வீடுகள் உண்டு. நோயுற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதற்கு மார்க்கத்தில் எந்தத் தடையும் இல்லை. மாமியார்மார்களும் நன்னிமார்களும் இதை முன்னின்று சொல்ல வேண்டும். சேனை தொட்டு வைக்க ஆசைப்படுபவர்கள், குறைமாதப் பிள்ளையானால் டாக்டரைக் கேட்காமல் எதையும் வாயில் வைக்க வேண்டாம். தாய்ப்பாலும், தாயின் நெஞ்சோடு அணைத்த சூடும், சோப்புப் போட்டுக் கழுவிய கையும்தான் அந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பு.

செலவை நினைத்தும் தயங்க வேண்டாம். 2011-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையில் பிரசவமும் பச்சிளங் குழந்தையின் சிகிச்சையும் இலவசம். 108-ஐ அழையுங்கள். திண்டிவனத்திலும் முண்டியம்பாக்கத்திலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. இரவில் வண்டி எடுத்து வரக்கூடிய ஒருவரின் எண்ணை ஒவ்வொரு தெருவிலும் எழுதி வைப்போம்.

நம் பிள்ளைகளை அல்லாஹ் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.