ஆறடித் தண்ணீருக்குப் பத்துத் தேர்தல்

தேர்தல் நெருங்கினால் நம் ஊர்ச் சுவர்களில் சின்னம் ஏறுவதற்கு முன்பே ஒரு சொல் ஏறிவிடுகிறது: கோட்டை. தேனி எங்கள் கோட்டை என்று ஒரு கட்சி எழுதும். எங்கள் சாதியின் கோட்டை என்று இன்னொரு சுவரொட்டி சொல்லும். தொலைக்காட்சி விவாதத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் இன்னார் கோட்டை, இன்னார் கோட்டை என்று தலைவர்களின் பெயருக்கு நம்மைப் பட்டா எழுதிக் கொடுப்பார்கள். கோட்டைக்குள் ஒரு ராஜா இருப்பான், சுற்றி அகழி இருக்கும், மக்கள் மதிலுக்குள் அடைந்து கிடப்பார்கள். நம்மைக் கோட்டை என்று அழைக்கிறவன் நம்மை மதிலில் வைத்த கல்லாகத்தான் எண்ணுகிறான். இன்று நான் வாதாட வந்திருப்பது ஒன்றே ஒன்று. இந்தத் தேனி நாடாளுமன்றத் தொகுதி எவருக்கும் கோட்டையாக இருந்ததில்லை. இருந்தது என்ற கதையை நாமும் நம்பிவிட்டதால், டெல்லியில் கேட்டு வாங்கவேண்டியதைக் கேட்காமலே விட்டோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2009-க்கு முன் இந்தத் தொகுதியின் பெயர் பெரியகுளம். தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு தேனி ஆயிற்று. ஆண்டிபட்டி, பெரியகுளம், போடிநாயக்கனூர், கம்பம் ஆகிய நான்கு சட்டமன்றத் தொகுதிகளோடு மதுரை மாவட்டத்து உசிலம்பட்டியும் சோழவந்தானும் இதில் இருக்கின்றன. சுதந்திரத்துக்குப் பின் முதல் மூன்று தேர்தல்களிலும் இங்கே காங்கிரஸ்தான். அன்றைக்கு இதைக் காங்கிரஸ் கோட்டை என்றார்கள். 1967-ல் திமுக வந்தது, கோட்டை போயிற்று. அன்று முதல் 2024 வரை 15 பொதுத்தேர்தல்கள். அவற்றில் 13 முறை தமிழ்நாடு எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கமே இந்தத் தொகுதியும் சாய்ந்தது. 1977-ல் அதிமுக, 1980-ல் திமுக, 1984-ல் மறுபடி அதிமுக, 1996-ல் திமுக, 2004-லும் 2009-லும் திமுக அணியில் நின்ற காங்கிரஸ், 2014-ல் அதிமுக, 2024-ல் திமுக. மாநிலக் காற்றுக்கு எதிராக நின்றது இரண்டே முறை. 1999-ல் அதிமுகவின் டி.டி.வி. தினகரனை அனுப்பினோம். 2019-ல் அன்றைய துணை முதல்வர் ஓ.பன்னீர்செல்வத்தின் மகன் ரவீந்திரநாத்தை அனுப்பினோம்; தமிழகம் முழுவதிலும் அதிமுக அணி அந்தத் தேர்தலில் வென்ற ஒரே தொகுதி இதுதான். ஆனால் அந்த இரண்டு வெற்றிகளும் ஒரு தவணைக்கு மேல் தாங்கவில்லை. 1999-ல் வென்ற தினகரன் 2004-ல் காங்கிரஸின் ஆரூணிடம் தோற்றார். 2019-ல் வென்ற அதிமுக 2024-ல் மூன்றாம் இடத்துக்குப் போயிற்று. ஐந்தாண்டுக்கு மேல் தாங்காத சுவருக்குக் கோட்டை என்றா பெயர்?

சரி, கட்சிக் கோட்டை இல்லை, சாதிக் கோட்டை உண்டல்லவா என்று கேட்பார்கள். இது முக்குலத்தோர் தொகுதி, அந்தச் சமூகத்தில் வேட்பாளரைத் தேடினால் போதும் என்று சென்னையில் உட்கார்ந்து சொல்வார்கள். அவர்கள் பழைய பட்டியலைப் புரட்டிப் பார்க்கட்டும். 1967-ல் இங்கே வென்றவர் திமுகவின் அஜ்மல்கான். 1971-ல் வென்றவர் முஸ்லிம் லீக்கின் எஸ்.எம்.முகமது ஷெரீப். 2004-லும் 2009-லும் வென்றவர் காங்கிரஸின் ஜே.எம்.ஆரூண் ரஷீத். 15 தேர்தல்களில் 4 முறை, இங்கே எண்ணிக்கையில் சிறுபான்மையான ஒரு சமூகத்தைச் சேர்ந்தவரை இந்தத் தொகுதி அனுப்பியிருக்கிறது. அது கூட்டணிக் கணக்கு, மக்கள் மனம் இல்லை என்று மறுப்பார்கள். கூட்டணிக் கணக்கு காகிதத்தில் எழுதப்படுவது. பெட்டியில் விழுந்தது யாருடைய ஓட்டு? சாதியை விட்டால் வேறொன்றையும் பார்க்கத் தெரியாத மக்கள் என்றால் எந்தக் கூட்டணித் தலைவர் சொல்லியிருந்தாலும் அந்த ஓட்டு விழுந்திருக்காது. சாதி இங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஊருக்கு ஊர் இருக்கிறது, சுடுகாட்டிலும் இருக்கிறது. ஆனால் அது மட்டுமே ஓட்டை முடிவு செய்கிறது என்பதற்கு இந்தத் தொகுதியின் வரலாறு சாட்சி சொல்ல மறுக்கிறது.

இதைவிட நெருக்கமான சாட்சி ஒன்று உண்டு. 2019 ஏப்ரல் 18 அன்று ஆண்டிபட்டியிலும் பெரியகுளத்திலும் நாடாளுமன்றத் தேர்தலோடு சட்டமன்ற இடைத்தேர்தலும் நடந்தது. ஒரே வாக்குச்சாவடி, விரலில் ஒரே மை, எதிரே இரண்டு இயந்திரங்கள். ஒன்றில் டெல்லிக்கு ஓட்டு, மற்றதில் சென்னைக்கு ஓட்டு. எண்ணிப் பார்த்தபோது இரண்டு சட்டமன்றத் தொகுதிகளும் திமுகவுக்குப் போயிருந்தன. நாடாளுமன்றத் தொகுதி 76 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் அதிமுகவுக்குப் போயிருந்தது. ஆண்டிபட்டியில் உடன்பிறந்த அண்ணன் தம்பியே எதிரெதிராக நின்றார்கள், ஒருவர் திமுக, ஒருவர் அதிமுக. ஒரு வீட்டுக்குள்ளேயே கோட்டை இல்லாதபோது ஒரு தொகுதிக்குள் எங்கிருந்து வரும்? அதே நாடாளுமன்றத் தேர்தலில் தினகரனின் அமமுக வேட்பாளராக நின்று மூன்றாம் இடம் பெற்றவர் தங்க தமிழ்ச்செல்வன். அவரே 2024-ல் திமுக வேட்பாளராக நின்று, அதே தினகரனை 2 லட்சத்து 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்கடித்தார். தலைவர்கள் கட்சி மாறினார்கள், மக்கள் தீர்ப்பை மாற்றினார்கள். இருவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தலைவர்கள் மாறும்போது தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து மாறினார்கள். நாம் மாற்றும்போது நமக்கு என்ன வேண்டும் என்று கேட்டு மாற்றவில்லை.

கேட்காததின் விலை என்ன என்பதை அளந்து காட்டுகிறேன். அளவுகோல் வேறெங்கும் இல்லை, முல்லைப்பெரியாறு அணையின் சுவரில் இருக்கிறது. பொறியாளர் பென்னிகுக் கட்டி 1895-ல் திறந்த அணை. 1979-ல், அணையைப் பலப்படுத்தும் வரை என்று சொல்லி, நீர்மட்டத்தை 136 அடியாக இறக்கினார்கள். 142 அடிவரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் சொன்னது. சில வாரங்களுக்குள் கேரளா சட்டம் போட்டு அதை முடக்கியது. அந்தச் சட்டம் செல்லாது என்று 2014 மே மாதம் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு நவம்பரில் தண்ணீர் 142 அடியைத் தொட்டது. 136-க்கும் 142-க்கும் இடையே ஆறடி. அந்த ஆறடி ஏற 35 ஆண்டுகள் ஆயின. அந்த 35 ஆண்டுகளில் 10 நாடாளுமன்றத் தேர்தல்களில் ஓட்டுப் போட்டோம். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம், ஒவ்வொரு ஜூன் மாதமும் தேக்கடித் தலைமதகு திறக்குமா என்று பார்த்துத்தான் நாற்றுப் பாவுகிறது. அந்த 10 தேர்தல்களில் எத்தனையில் அந்த ஆறடி முதல் கேள்வியாக இருந்தது? வழக்கை நடத்தியது மாநில அரசு. 2011 டிசம்பரில் குமுளிச் சாலையில் திரண்டு நின்றது விவசாயிகள். நாடாளுமன்றத்துக்கு நாம் அனுப்பியவர்கள் இந்தக் கதையின் நடுப்பக்கத்தில் எங்கே என்று தேடத்தான் வேண்டியிருக்கிறது.

ஆளுங்கட்சி உறுப்பினர் இருந்தால் காரியம் நடக்கும், அதுதான் வழி என்பார் சிலர். அவர்களுக்குப் பதில் சொல்ல நம்மிடம் ஒரு ரயில் இருக்கிறது. மதுரை–போடி ரயில் 1928-ல் வந்தது. உலகப்போர்க் காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துப் போனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகே திரும்பப் போட்டார்கள். 2010 முடிவில் அகலப்பாதை ஆக்குவதற்காக அதை நிறுத்தியபோது நம் உறுப்பினர் டெல்லியை ஆண்ட காங்கிரஸ்காரர். அடுத்து வந்தவர் எந்தப் பக்கமும் சேராத அதிமுகவின் பார்த்திபன். அதற்கடுத்தவர் டெல்லியை ஆண்ட அணியின் தோழமைக் கட்சிக்காரர். ஆளுங்கட்சி, தனிக்கட்சி, தோழமைக் கட்சி என்று மூன்று வகையையும் இந்தத் தொகுதி சோதித்துப் பார்த்துவிட்டது. ரயில் தேனிக்கு வந்தது 2022 மே மாதம், போடிக்கு வந்தது 2023 ஜூன் மாதம். 90 கிலோமீட்டர் பாதைக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல். உலக ஏலக்காய்ச் சந்தையில் பெயர் சொல்லும் போடிநாயக்கனூர் அத்தனை ஆண்டும் லாரியை நம்பிக் கிடந்தது. திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாகக் குமுளிக்கு ரயில் என்ற கோரிக்கை இன்னும் மனுவாகவே இருக்கிறது. உறுப்பினர் எந்தக் கட்சி என்பதைவிட, அவர் எந்தக் கேள்விக்குப் பயந்து போனார் என்பதுதான் காரியத்தை நடத்தும்.

இன்னொரு மறுப்பு வரும், அது வலுவானது. நட்சத்திரத் தொகுதியாக இருந்ததால்தானே நமக்கு நன்மை என்பார்கள். எம்.ஜி.ஆர். 1984-ல் அமெரிக்க மருத்துவமனையில் படுத்திருந்தபடியே ஆண்டிபட்டியில் வென்றார். ஜெயலலிதா முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குப் போனது 1989-ல், நம் போடியிலிருந்து. பிறகு ஆண்டிபட்டியிலிருந்தும் போனார். ஓ.பன்னீர்செல்வம் மூன்று முறை முதல்வரானார். மூன்று முதல்வர்களைத் தந்த மண் இது. க.விலக்கில் மருத்துவக் கல்லூரியும் போடியில் பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. அவற்றை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அவையெல்லாம் சென்னையிலிருந்து வந்தவை. மாநிலங்களுக்கிடையே ஓடும் நதியும் ரயில்வேயும் அரசியல் சாசனத்தின் ஒன்றியப் பட்டியலில் இருக்கின்றன. முல்லைப்பெரியாறு கண்காணிப்பு இன்று 2021-ன் அணைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. அந்தச் சட்டம் பிறந்த இடம் நாடாளுமன்றம். சட்டமன்றத்துக்கு நட்சத்திரம் தேடிய பழக்கத்திலேயே நாடாளுமன்றத்துக்கும் ஓட்டுப் போட்டால், சென்னைக்கு இரண்டு ஓட்டுப் போட்டவர்களாகிறோம், டெல்லிக்கு ஒன்றும் போடாதவர்களாகிறோம்.

543 பேரில் ஒருவர் என்ன செய்துவிட முடியும் என்று அலுத்துக்கொள்கிறவர்கள், மலைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். கேரளத்து இடுக்கியிலிருந்தும் ஒரே ஒருவர்தான் போகிறார். அங்கே உறுப்பினர் காங்கிரஸ்காரராக இருந்தாலும் இடதுசாரி ஆதரவுடன் வென்றவராக இருந்தாலும், புதிய அணை வேண்டும் என்ற பேச்சு மாறுவதில்லை. அவர்கள் கேட்பது நியாயமில்லை என்பதுதான் என் கருத்து. பலப்படுத்தப்பட்ட அணை பாதுகாப்பானது என்று உச்ச நீதிமன்றமே ஏற்றிருக்கிறது. ஆனால் நியாயமில்லாத கோரிக்கையையே அங்குள்ள வாக்காளர் தம் உறுப்பினரின் வாயில் விடாமல் வைத்திருக்கிறார் என்றால், நியாயமான கோரிக்கையை நாம் ஏன் வைக்கவில்லை? விடிவதற்கு முன்பே கம்பத்திலும் கூடலூரிலும் தூக்குவாளியோடு ஜீப்புக்குக் காத்து நிற்கும் பெண்கள், குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் ஏலத்தோட்டத்துக்கு ஏறுகிறார்கள். கூலி ஒரு மாநிலத்தில், குடியிருப்பு இன்னொரு மாநிலத்தில். அணைத் தகராறு முற்றும்போதெல்லாம் முதலில் நிற்பது அவர்களுடைய ஜீப்தான். இரண்டு மாநிலங்களுக்கு நடுவே நிற்கும் அந்தத் தாய்மார்களுக்காகப் பேசுவதற்குச் சட்டமன்றத்தைவிட நாடாளுமன்றமே பொருத்தமான இடம்.

ஆகவே என் வேண்டுகோள் எளியது. அடுத்த முறை மாலையோடும் மைக்கோடும் வருகிற வேட்பாளரிடம் எந்தத் தலைவரின் ஆள், எந்தச் சமூகம் என்று கேட்காதீர்கள். அதை அவரே சொல்லிவிடுவார். அணையின் நீர்மட்டத்துக்கு, குமுளி ரயிலுக்கு, மலையேறிப் போகும் தொழிலாளியின் பாதுகாப்புக்கு நாடாளுமன்றத்தில் என்ன செய்வார் என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். எழுதியதை டீக்கடைச் சுவரில் ஒட்டி வையுங்கள். ஐந்தாண்டு கழித்து அவர் திரும்ப வரும்போது அந்தத் தாளை உரித்தெடுத்து அவர் கையில் கொடுத்து, வாசிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஓட்டைப் பற்றிப் பேசலாம்.