வெயிலுக்கு ஏத்த உடுப்பு, கையைக் கடிக்காத செலவு

(எர்ணாவூரில் நடந்த மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்புக் கூட்டத்தில், தையல் பயிற்சி கொடுக்கும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



சேமிப்பு, வங்கிக் கடன், தணிக்கை என்று எல்லாம் பேசி முடித்து, கடைசியில் துணிமணி பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். துணி சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். நம்ம குழுக்களில் உறுப்பினர்கள் வெளியில் வாங்கும் சில்லறைக் கடனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதில் தவணைத் துணிக்காரருக்குக் கட்டுவது எவ்வளவு என்று தெரியும். அதோடு கத்திரி வெயிலும் வரப்போகிறது. நம்ம பக்கம் வெயில் மட்டுமா? கடல் காற்றின் பிசுபிசுப்பும் சேர்ந்து வரும். வேர்வை காயவே காயாது. அந்த நேரத்தில் உடம்பில் என்ன கிடக்கிறது என்பது முக்கியம்.

'போஹோ' என்றால் என்ன?

வயசுப் பெண்கள் செல்போனில் காட்டுகிறார்கள். தொளதொள பாவாடை, ஒட்டுத்துணி வைத்துத் தைத்த சட்டை, முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த துணி, கழுத்தில் பாசிமணி. கேட்டால் 'போஹோ ஸ்டைல்' என்கிறார்கள். விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றுகிறது.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஐரோப்பாவில் ரோமா என்ற மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொஹீமியா என்ற நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று பிரான்சுக்காரர்கள் தப்பாக நினைத்து 'போஹீமியன்' என்று கூப்பிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தில் கையில் காசில்லாமல் வாழ்ந்த ஓவியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பழைய துணி, ஒட்டுப் போட்ட துணி, கிடைத்ததைக் கட்டிக்கொள்வது, அதுதான் அவர்கள் உடுப்பு. அந்த ரோமா மக்களின் முன்னோர்கள் ஏறக்குறைய 1000 வருஷத்துக்கு முன்னால் நம்ம இந்தியாவின் வடக்குப் பக்கத்திலிருந்து போனவர்கள். அவர்கள் பேசும் மொழியே அதற்குச் சாட்சி.

ஆக, இது காசில்லாதவர்கள் உடுத்திய உடுப்பு. இதை வாங்கக் காசு கொட்ட வேண்டும் என்பது வியாபாரிகள் பண்ணின வேலை.

நம்ம கடற்கரையிலிருந்து போன துணி

இன்னொரு சங்கதி. திருவொற்றியூர் காலடிப்பேட்டைக்கு எத்தனையோ தடவை போயிருப்பீர்கள். பெயர்க் காரணம் கேட்டிருக்கிறீர்களா? 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்தவர் ஜோசப் காலெட். அவர் காலத்தில் நெசவாளர் குடும்பங்களைக் கொண்டுவந்து குடிவைத்த இடம் அது. 'காலெட் பேட்டை' நம்ம வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. வண்ணாரப்பேட்டை, கம்பெனித் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம். வடக்கே பழவேற்காடு. அங்கே கப்பலேறின கட்டம் போட்ட துணியை மலாய்க்காரர்கள் இன்றைக்கும் 'காயின் பெலிகாட்' என்கிறார்கள். பழவேற்காட்டுத் துணி என்று அர்த்தம். நம்ம வீட்டு ஆம்பளைங்க கட்டுகிற கட்டம் போட்ட கைலிதான்.

அந்தக் கட்டம் போட்ட துணிக்கு வெளிநாட்டில் 'மெட்ராஸ்' என்றே பெயர். ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாட்டுக் கலபாரி மக்கள் சடங்கு, சம்பிரதாயம் எல்லாவற்றுக்கும் அதைக் கட்டுகிறார்கள். 1958-இல் ஒரு அமெரிக்க வியாபாரி கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடம் இந்தத் துணியை வாங்கிப் போனார். பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கியவர்தான் இந்த நாயர். 'முதலில் பச்சைத் தண்ணீரில் தனியாக அலச வேண்டும், சாயம் போகும்' என்ற விவரம் வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. துவைத்தவர்கள் சட்டை எல்லாம் சாயம் இறங்கிப் பெரிய தகராறு. அப்புறம் என்ன செய்தார்கள்? 'சாயம் போவதுதான் இதன் அழகு, ஒவ்வொரு துவையலுக்கும் நிறம் புதுசாகும்' என்று விளம்பரம் பண்ணி விற்றார்கள். அங்கே அது பெரிய நாகரிகமாகிப் போச்சு.

நம்ம வீட்டுக் கொடியில் காயும் துணியைத்தான் அவர்கள் ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கிறார்கள். பிறகு நாம் எதற்கு அதை வெளியில் தேட வேண்டும்?

ஏன் பருத்தி?

ஈரப்பதமான காற்றில், பருத்தி நூல் தன் எடையில் நூற்றுக்கு 8 பங்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரைப் பங்கு கூட இழுக்காது. அதனால்தான் பாலியஸ்டர் புடவை கட்டினால் வேர்வை உடம்பிலேயே நிற்கிறது. வேர்க்குரு, அக்குளிலும் தொடை இடுக்கிலும் படை, அரிப்பு எல்லாம் அந்த ஈரத்தில்தான் வளர்கிறது.

அடுப்படியில் இன்னொரு ஆபத்து. தீப்பிடித்தால் பருத்தியும் எரியும். ஆனால் பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், காயம் ஆழமாகும். தொளதொள உடுப்பு நல்லது என்று சொல்கிறேனே தவிர, அடுப்புக்கு முன்னாலும், கம்பெனியில் மிஷின் பக்கத்திலும், வண்டியில் பின்னால் உட்காரும்போதும் துப்பட்டாவையும் தொங்கும் கையையும் இழுத்துச் சொருகிக்கொள்ளுங்கள்.

பாவாடை நாடா ஜாக்கிரதை

இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். புடவை நிற்க வேண்டும் என்று பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுகிறோம். இடுப்பில் கறுத்துப்போய்த் தழும்பு விழாத பொம்பளை நம்மில் எத்தனை பேர்? வருஷக்கணக்கில் அதே இடத்தில் உராய்ந்து, புண்ணாகி, ஆறாமலே இருந்து, அது புற்றுநோயாக மாறிய இரண்டு பெண்களைப் பற்றி 2024-இல் மகாராஷ்டிரா வர்தாவிலும் பீகாரிலும் உள்ள மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேருமே வயதானவர்கள். இது அபூர்வமாக வருவது, பயப்பட வேண்டாம். ஆனால் இடுப்பில் ஆறாத புண் இருந்தால் மஞ்சள் பூசி மறைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கயிறு மாதிரி நாடாவுக்குப் பதிலாக மூணு விரல் அகலத்துக்குத் துணிப்பட்டை வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். கட்டும் இடத்தைத் தினமும் கொஞ்சம் மேலே கீழே மாற்றுங்கள். வீட்டில் இருக்கும் நேரத்தில் தளர்த்தி விடுங்கள். கோடைக்காவது உள்பாவாடை பருத்தியாக இருக்கட்டும்.

செய்முறை: இருப்பதை வைத்து மூன்று உடுப்பு

*கைலிப் பாவாடை:* மூட்டின கைலி ஒன்று எடுங்கள். அதன் அகலம் 46 முதல் 50 அங்குலம் இருக்கும். அதுவே பாவாடையின் உயரம். உங்கள் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை அளந்து, மடிப்புக்கு 3 அங்குலம் சேர்த்து, மீதியை வெட்டி விடுங்கள். மேலே மடித்துத் தைத்து அகல நாடா கோர்த்தால் வேலை முடிந்தது. வெட்டின பட்டையிலேயே நாடா தைக்கலாம். மிஷின் இல்லாதவர்கள் கைத்தையல் போட்டாலே போதும்.

*பழைய புடவையில் நைட்டி:* நூல் புடவை கிழிவது பெரும்பாலும் இடுப்பில் சொருகும் இடத்திலும் கீழ் ஓரத்திலும்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். இத்துப்போன இடம் பளிச்சென்று தெரியும். அதை ஒதுக்கி விடுங்கள். ஐந்தரை மீட்டர் புடவையில் ஒரு நைட்டிக்கு 3 மீட்டர், குழந்தைக்குக் கவுன் ஒன்றரை மீட்டர், மிச்சத்தில் தலையணை உறை. முந்தானையை நைட்டியின் நெஞ்சுப் பக்கம் வைத்தால் புதுத்துணி தோற்றுப்போகும்.

*ஒட்டுத்துணிச் சட்டை:* தையல்காரர் கடையில் மிஞ்சும் வெட்டுத்துணியை வாங்கி வந்து, பருத்தியைத் தனியாகப் பிரியுங்கள். பருத்தியோடு பாலியஸ்டரை ஒட்டினால் துவைத்ததும் பருத்தி மட்டும் சுருங்கிக் கோணிக்கொள்ளும்.

எந்தப் புதுப் பருத்தித் துணியானாலும் வெட்டுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து விடுங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். சாயம் போகிற துணியை முதல் மூணு நாலு தடவை தனியாக அலசி, நிழலில் காயப்போடுங்கள்.

நாலு பேர் என்ன சொல்வாங்க?

இங்கேதான் நம்ம பெண்கள் தயங்குகிறார்கள். "கைலித் துணியில் பாவாடையா? நைட்டியோடு தண்ணி பிடிக்கப் போறியா?" என்று கேட்பார்களாம்.

இந்தப் பேச்சு பழசு. 1719-இல் லண்டனில், இந்தியப் பருத்தித் துணி உடுத்தின பெண்களை அங்கேயுள்ள நெசவாளர்கள் தெருவில் மறித்து, துணியைக் கிழித்து, மை ஊற்றினார்கள். 1721-இல் அதை உடுத்தக்கூடாது என்று சட்டமே போட்டார்கள். அந்த நெசவாளர்களுக்குப் பிழைப்புப் போச்சே என்று கோபம். ஆனால் அடி வாங்கியது யார்? உடுத்தின பொம்பளை. அப்புறம் 2018-இல் ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டம் தோகலப்பள்ளி என்ற ஊரில், பகலில் நைட்டி போட்டால் 2000 ரூபாய் அபராதம் என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவு பண்ணினார்கள். ஆண்கள் மேல் சட்டை இல்லாமல் திண்ணையில் உட்காருவதற்கு எங்கேயாவது அபராதம் கேள்விப்பட்டிருக்கிறோமா?

உடம்பு மறைவாக இருக்க வேண்டும், வேலைக்குச் சௌகரியமாக இருக்க வேண்டும், காற்று போக வேண்டும். இது மூன்றும் இருந்தால் அது நல்ல உடுப்பு. மற்றபடி ஒருத்தி தனியாகப் போட்டால்தான் பேச்சு வரும். குழுவில் பன்னிரண்டு பேரும் ஒரே கூட்டத்துக்கு அதே பாவாடையோடு வந்தால் அடுத்த வாரம் பேசினவளே அளவு கொடுக்க வருவாள்.

கடைசியாக, பணக் கணக்கு

ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். கடையில் 400 ரூபாய்க்குக் கிடைக்கும் துணியை வாசலில் தவணைக்கு வாங்குகிறோம். வாரம் 50 ரூபாய், 13 வாரம். கூட்டினால் 650. மூன்று மாசத்துக்கு 250 ரூபாய் கூடுதல். அதே 400 ரூபாயைக் குழுவில் உள்கடனாக, மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டியில் எடுத்தால், மூன்று மாதத்துக்கும் சேர்த்து 24 ரூபாய்க்கு மேல் போகாது. அந்த 24 ரூபாயும் நம்ம குழுவிலேயே இருக்கும்.

அதனால் மூன்று காரியம் செய்வோம். ஒன்று, பங்குனி மாசமே பத்துப் பேர் சேர்ந்து வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு மொத்தக் கடையில் பருத்தித் துணியைத் தானாக வாங்கிப் பிரித்துக்கொள்வது. கிராமத்துக் குழுக்கள் பக்கத்துச் சந்தையிலோ கோ-ஆப்டெக்ஸ் கடையிலோ வாங்கலாம். இரண்டு, வெளியே தைக்கக் கொடுக்கும் கூலியை நம்ம குழுவில் தையல் தெரிந்த உறுப்பினருக்கே கொடுப்பது. தோழி என்பதற்காக இனாமாகத் தைக்கச் சொல்லக் கூடாது, அவளுக்கும் மின்சாரக் கட்டணம் வருகிறது. மூன்று, துணிக்கென்று வாரம் 10 ரூபாய் தனிச் சேமிப்பு. வருஷத்துக்கு 520 ரூபாய் ஆகும். அது இருந்தால் தவணைக்காரரை வாசலோடு அனுப்பி விடலாம்.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு பழைய நூல் புடவையோ கைலியோ எடுத்து வாருங்கள். கத்திரிக்கோல் நான் கொண்டு வருகிறேன். பேச்சு போதும், அன்றைக்கு வெட்டித் தைத்தே பார்த்து விடலாம்.